ஐஸ் கம்பெனிச் சுவர்

அந்த வீட்டின் பின்சுவர் வருடம் முழுவதும் வியர்த்துக்கொண்டே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனியின் குளிரறை. இந்தப் பக்கம் ஒரு குடும்பம். நடுவே இருந்தது ஒரு செங்கல் கனம் மட்டுமே. அங்கே பாளம் பாளமாக ஐஸை அடுக்கி வைத்திருக்க, இங்கே சுண்ணாம்புப் பூச்சின் மேல் நீர் முத்து முத்தாகத் துளிர்த்து, ஒன்றோடொன்று கூடிக் கனத்து, கோடு கிழித்தாற்போல் இறங்கித் தரையோரம் தேங்கும். அதை ஒற்றி எடுப்பதற்கென்றே ஒரு பழந்துணி மூலையில் எப்போதும் சுருண்டு கிடக்கும்.

கோடையில் அந்தச் சுவருக்கு இருந்த மதிப்பே வேறு. தெரு முழுவதும் வெந்து கிடக்கும்போது, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து, முதுகைச் சுவரில் ஒட்டவைத்து உட்கார்ந்துவிடுவார்கள். "உனக்கென்னடி, ஏசி ரூம்ல குடித்தனம் பண்ற மகராசி" என்பார்கள். வீட்டுக்காரரும் அதையே பெருமையாகச் சொல்லித்தான் வாடகைக்கு விட்டிருந்தார். மழைக்காலத்தில் மட்டும் அவர் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. அப்போது சுவரின் கீழ்ப்பாதி கருத்து, பச்சை பாய்ந்து, நனைந்த கோணிப்பையின் வாடையை வீசும்.

அந்த வீட்டில் குடியிருந்தவளைத் தெருவில் எல்லோரும் கஞ்சியக்கா என்றே அழைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், டாக்டர்களும் டாக்டருக்குப் படிப்பவர்களும் போடுகிற வெள்ளைக் கோட்டுகளுக்குக் கஞ்சி போடுவது அவள் வேலை. பொழுது விடியுமுன் போய்விட வேண்டும். மதியம் தாண்டித்தான் திரும்ப முடியும். அவள் கணவன் ஒரு மரக்கிடங்கில் இரவுக் காவல்காரன். அவள் போன பிறகே அவன் வருவான். இருவரும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் விழித்திருப்பது சாயங்காலம் சிறிது பொழுதுதான். விடியற்காலையில் அவள் கிளம்பியதற்கும் அவன் வந்து சேர்வதற்கும் இடைப்பட்ட நேரத்தில், ஆறு வயது மகளுக்குத் துணையாக, அவர்களோடேயே இருக்கும் கொழுந்தன் படுத்திருப்பான். அவன் அதே ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்குகிறவன்.

"நான் அந்தப் பக்கம் அடுக்குறேன், நீங்க இந்தப் பக்கம் தொடைக்கிறீங்க. நம்ம குடும்பமே ஒரே செவுத்துக்குத்தான் வேலை பாக்குது அண்ணி" என்று அவன் சொல்லிச் சிரிப்பான். வேலைக் களைப்பில் அவளுக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் வராது.

மகளுக்குப் பீப்பி என்று பெயர் வைத்தவனும் அவன்தான். குழந்தை மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஊதல்போல் மெல்லிய சத்தம் வரும். அந்தப் பெயர் அவளுக்கு அடியோடு பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காத பெயர்தானே சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்ச நாளில் அவள் வாயிலும் அதுவே வந்துவிட்டது.

பீப்பியை அந்த மழைக்காலத்தில் மட்டும் பலமுறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. முகத்தில் மூடியை வைத்து மருந்தை ஆவியாகக் கொடுப்பார்கள், குழந்தை தெளியும், வீட்டுக்கு வரும், மறுபடியும் இழுக்கும். அப்படி ஒரு தடவை வார்டில் இருந்தபோதுதான் பேராசிரியை ஒருவர் கட்டிலருகே வந்து நின்றார். நரைத்த தலை, தேய்ந்த செருப்பு, நாள் முழுவதும் நின்றவர் போன்ற கால்வீக்கம். மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் என்ற பாடத்தை நடத்துகிறவர் என்று நர்ஸ் சொன்னாள்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க பசங்க நோயாளிய ஆஸ்பத்திரியில மட்டும்தான் பாக்குறாங்க. அவங்க எங்கேருந்து வர்றாங்கன்னு பாக்கறதே இல்ல. ஒரு நாள் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமா? அரை மணி நேரந்தான். உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

டாக்டர் ஒருவர் தன்னிடம் அனுமதி கேட்பது கஞ்சியக்காவுக்கு இதுவே முதல் தடவை. "தாராளமா வாங்க மேடம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சுவரின் நினைவு வந்தது. வீடு இருக்கிற இருப்புக்கு விருந்தாளி ஒரு கேடா?

வருவதாகச் சொன்ன நாளன்று அவள் மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். தரையைத் தேய்த்தாள். பாத்திரங்களைக் கவிழ்த்தாள். சுவரைச் சோப்புத் தண்ணீர் விட்டு உரசினாள். கருப்பு கொஞ்சம் மங்கியதே தவிரப் போகவில்லை. கடைசியில், கிழிந்து கழித்துவிட்டதென்று சலவைக்கூடத்தில் கொடுத்திருந்த ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து, இரண்டு ஆணியில் மாட்டிச் சுவரை மறைத்துவிட்டாள். அதற்கும் கஞ்சி போட்டிருந்தாள். விறைப்பாக, மடிப்புக் கலையாமல் தொங்கியது.

வாசலில் பல் குச்சியோடு நின்ற கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணி, செவுத்துக்கும் உடம்பு சரியில்லையா? போத்தி விட்டிருக்கீங்க."

"வாய மூடிக்கிட்டுப் போறியா, இல்ல தொடப்பத்த எடுக்கவா?"

"போறேன், போறேன். டாக்டருங்க கேட்டா நானும் நோயாளிதான்னு சொல்லுங்க. வீட்ல சோறு கம்மின்னு எழுதிக்கட்டும்."

கணவன் வேலை முடிந்து வந்து பாயில் முடங்கியிருந்தான். "ஏங்க, எழுந்து ஒரு சட்டையாவது போட்டுக்குங்களேன்" என்று அவள் உலுக்கினாள். "நான் தூங்குறேன்னு சொல்லிடு. வர்றவங்க உன்னையும் பாப்பாவையும்தான பாக்க வர்றாங்க?" என்று அவன் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டான்.

பேராசிரியை சொன்ன நேரத்துக்கு வந்தார். பின்னால் ஐந்தாறு மாணவர்கள், ஆணும் பெண்ணுமாக. எல்லோர் மேலும் வெள்ளைக் கோட்டு. உள்ளே நுழைந்ததும் அந்தச் சின்ன அறை வெள்ளையாகவே ஆகிவிட்டது. அவளுடைய கண் முதலில் போனது முகங்களுக்கு அல்ல, காலர்களுக்கு. எல்லாம் அவள் கை பட்ட காலர்கள். ஒன்றில் மட்டும் கஞ்சி சரியாக ஏறாமல் நுனி சுருண்டிருந்ததைக் கண்டு, அவசரத்தில் போட்டது என்று தனக்குள் கூசினாள்.

உட்காரச் சொல்ல இடமில்லை. டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாமென்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு பேர் உயரத்துக்கு இருந்த ஒரு பையன், நிற்க இடமில்லாமல், விரிப்பு முடிந்த இடத்தில் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"கேளுங்க" என்றார் பேராசிரியை.

கேட்டார்கள். எத்தனை பேர், எத்தனை சன்னல், அடுப்பு எது, தண்ணீர் எங்கிருந்து. கஞ்சியக்கா பரீட்சைக்கு உட்கார்ந்தவளைப்போல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சன்னல் ஒன்று என்றாள். அது ஐஸ் லாரி நிற்கிற சந்துப் பக்கம் இருந்ததால் மூடியே இருக்கும் என்பதைச் சொல்லவில்லை. பீப்பி அவள் புடவை மடிப்புக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். கண்ணாடி போட்ட ஒரு மாணவி குனிந்து, "பாப்பா, உன் பேர் என்ன?" என்று கேட்க, குழந்தை, "பீப்பி" என்றது. மாணவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குற்றமில்லை. இருந்தாலும் கொழுந்தன் அந்த நிமிடம் கையில் கிடைத்திருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பாள்.

பிறகு பேராசிரியை நடந்து போய், வார்டில் நோயாளியின் போர்வையை விலக்குவதுபோல, அந்த விரிப்பின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக விலக்கினார்.

"இங்க வாங்க. கிட்ட வந்து பாருங்க. தொட்டுப் பாருங்க."

வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் சுவருக்கு முன் கூடின. கஞ்சியக்காவுக்கு, தன்னையே எல்லோர் நடுவிலும் நிறுத்தி மேலாடையை விலக்கியதுபோல் இருந்தது.

"இந்தக் கருப்பு என்ன?"

"பூஞ்சை மேடம்."

"அது என்ன செய்யும்?"

"அதோட துகள் காத்துல பறக்கும். மூச்சுக்குழாய் சுருங்கும்."

"இந்தக் குழந்தைக்கு நாம என்ன குடுத்து அனுப்புறோம்?"

"இன்ஹேலர்."

"குடுத்துட்டு எங்க அனுப்புறோம்?"

பேராசிரியை கையால் சுவரைக் காட்டினார். "இங்க. ஒவ்வொரு தடவையும் குணமாக்கி, எது நோயாளி ஆக்குச்சோ அதுக்கிட்டயே திருப்பி அனுப்புறோம். சரி. அப்ப இதுக்கு வைத்தியம் என்ன?"

"வீட்ட மாத்தணும்" என்றாள் கண்ணாடிக்காரி.

"வீட்ட மாத்த முடியலைன்னா?"

உயரமான பையன் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தான். "குழந்தைய மாத்தணும் மேடம். வேற எங்கயாவது, சொந்தக்காரங்க வீட்ல வச்சு வளக்கலாம். இங்கயே இருந்தா நுரையீரல் நிரந்தரமாக் கெட்டுடும்."

"நல்ல பதில். ஆனா பாதிப் பதில்" என்று பேராசிரியை தொடங்கினார். அப்போது வாசலிலிருந்து கல்லூரி வண்டியின் ஹாரன் கேட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு வீடு பாக்கணும். மீதிய நாளைக்கு வகுப்புல பேசலாம்" என்றார். கிளம்பும்போது அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா. நீங்க இன்னைக்கு இவங்களுக்குப் பெரிய பாடம் நடத்திட்டீங்க" என்றார். மாணவர்களும் வரிசையாக நன்றி சொன்னார்கள். கண்ணாடிக்காரி பீப்பியின் கையில் ஒரு மிட்டாயைத் திணித்தாள்.

அவர்கள் போனதும் கஞ்சியக்கா விரிப்பை மறுபடி இழுத்து மாட்டினாள். பாயில் போர்வைக்குள் கணவன் அசையாமல் கிடந்தான். அவன் அவ்வளவு அசையாமல் தூங்கி அவள் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துச் சலவைக்கூடத்தில் கோட்டு மூட்டை அவிழ்ந்தது. சலவைக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு கோடியில் கொதிகலன். நடுவில் சுழலும் பெரிய தொட்டிகள். மறு கோடியில் இஸ்திரி மேசைகள். மழை பெய்தால் கூரை போடுகிற சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவதும் காதில் விழாது. துவைத்து வந்த கோட்டுகளை உதறிப் பார்த்துக் கறை இருந்தால் ஒதுக்கிவிட்டுத்தான் கஞ்சித் தொட்டியில் முக்குவாள். அப்படி உதறியபோது ஒரு கோட்டின் முதுகில், வலது தோளுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பலும் பச்சையுமாக ஒரு கறை இருந்தது. கோட்டு மற்றவற்றைவிட நீளமாக இருந்தது.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தன் வீட்டுச் சுவர்.

மேற்பார்வையாளர் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்ன கறை இது? ரத்தக்கறை போகுது, மருந்துக்கறை போகுது. இது என்ன போகாம உக்காந்திருக்கு? அந்தப் புள்ளைங்க எங்க போய்ப் பொரண்டுட்டு வருதுங்களோ."

"போக்கிடறேன் சார்."

பக்கத்துத் தொட்டிக்காரி, குரல் கனத்த பெண், சிரித்தாள். "அக்கா, எந்தக் குப்பையில விழுந்து எழுந்தானோ. நாளைக்கு நமக்கு ஊசி போடப் போற கை இது."

கஞ்சியக்கா வெளுப்பு மருந்தைத் தடவினாள், கொதிநீர் விட்டாள், பிரஷ்ஷால் தேய்த்தாள். வீட்டில் அந்தச் சுவரைத் தேய்த்தது போதாதென்று, அது இங்கேயும் துணியேறி வந்து தன் முன்னால் படுத்திருக்கிறது என்று தோன்றியது. விரல் நுனிகள் வெந்து சுருங்கியதுதான் மிச்சம். கறை வெளிறி மஞ்சளாயிற்று. முழுதாகப் போகவில்லை. அந்த இடத்தில் கஞ்சியைச் சற்றுக் கூடுதலாகப் போட்டு, இஸ்திரிக்காரனிடம் கண் ஜாடை காட்டி, மடிப்புக்குள் மறைத்து அனுப்பினாள்.

வீடு திரும்பியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கணவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். மகள் அவன் மடியில் சாய்ந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப்போய் வந்தது.

"மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தேன். அடங்கல."

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் குடையைப் பிடித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் குழந்தையின் நெஞ்சுச் சத்தம் அவள் காதுக்குள்ளேயே ஊதியது. அன்று ஆவி மருந்து ஒரு தடவையில் நிற்கவில்லை. மூடியை எடுப்பார்கள், இழுக்கும், மறுபடி வைப்பார்கள். கடைசியில் ஊசி போட்ட பிறகுதான் குழந்தை கண்ணை மூடியது. உதட்டோர நீலம் மெல்ல மாறியது. கணவன் அன்று வேலைக்குப் போகவில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அன்னைக்குத் தூங்கல" என்றான்.

"தெரியும்."

"எல்லாத்தையும் கேட்டேன். இத்தன நாளும் எங்க அப்பாவுக்கு இருந்த இழுப்பு, பரம்பரையா வந்துடுச்சு, என்ன பண்றதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இல்லியாமே. செவுராமே."

"அதுக்காக?"

"அக்காவுக்குப் போன் பண்ணேன்."

நாத்தனாரும் அவள் கணவரும் ஒரு நாள் முழுவதும் பஸ்ஸில் போக வேண்டிய தூரத்தில், மேட்டுப்பாங்கான ஓர் ஊரில் இருந்தார்கள். அங்கே வீட்டைச் சுற்றிக் காற்று வரும்; மழை பெய்தாலும் தரை உடனே காய்ந்துவிடும். பிள்ளை இல்லை. போனில் பேசும்போதெல்லாம், "எம் மருமகள எங்கிட்டக் குடுத்துடேன், நான் வளக்குறேன்" என்று நாத்தனார் விளையாட்டாகக் கேட்பாள். விளையாட்டில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா என்ன சொல்லுவ?"

"வேற வீடு பாப்போம்னு சொல்லுவேன்."

"எங்க பாப்ப? நம்ம வாடகைக்கு ஊருக்கு வெளியதான் கெடைக்கும். விடியக்காலம் எந்த பஸ்ஸப் புடிச்சு வேலைக்கு வருவ? நான் ராத்திரி கெளம்பிப் போனா, தம்பி வந்து அங்க படுப்பானா? அவன் வேலை இங்க இருக்கு. புள்ளைய யார்கிட்ட விடுவ?"

"வீட்டுக்காரர்கிட்ட மறுபடி கேளுங்க. அந்தச் செவுத்துக்கு ஏதாவது பூசித் தரச் சொல்லுங்க."

"கேட்டேனே. 'புடிக்கலைன்னா காலி பண்ணு, கோடையில இந்த ரூமுக்கு அடிதடி'ங்கிறாரு."

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இதற்கு முன்பும் பிள்ளைக்கு இழுத்திருக்கிறது, அழுதிருக்கிறாள், வேண்டுதல் செய்திருக்கிறாள். ஆனால் அப்போதெல்லாம் காரணம் கண்ணுக்குத் தெரியாத எங்கேயோ இருந்தது. இப்போது அதன் முகவரி தெரிந்துவிட்டது. அதோடுதான் தினமும் படுத்து எழுந்திருக்கிறாள். இனி ஒவ்வொரு முறை அந்தப் பாயில் பிள்ளையைப் படுக்கவைக்கும்போதும், தெரிந்தே படுக்கவைப்பதாகத்தானே ஆகும்?

"அந்த டாக்டர் பையன் சொன்னான் பாரு, நுரையீரல் கெட்டுடும்னு" என்றான் கணவன். "அது என் காதுலயே நிக்குது."

அவள் காதிலும் அதுதான் நின்றது. அவள் அதற்குமேல் சண்டை போடவில்லை. சண்டை போடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

நாத்தனார் அந்த வார முடிவிலேயே வந்துவிட்டாள். பெரிய பை நிறையப் புதுத்துணி வாங்கி வந்திருந்தாள். வாசலிலேயே மூக்கைச் சுளித்து, பிறகு தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்து, சுளித்ததைச் சட்டென்று தும்மலாக மாற்றிக்கொண்டாள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் கஞ்சியக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கண்ணுல வச்சுப் பாத்துக்குவேன். நீ ஒண்ணும் நெனைக்காத."

"ராத்திரி எழுந்து தண்ணி கேப்பா அண்ணி. வெதுவெதுன்னு குடுங்க. தலைய நல்லாத் தொடச்சு விடுங்க. இன்ஹேலர எந்தப் பையில வச்சிருக்கேன்னு..."

"பாத்துட்டேன்மா."

"கோவம் வந்தா பேச மாட்டா. நீங்களும் பேசாம இருங்க, அவளே வந்துடுவா."

"சரிம்மா."

பஸ் நிலையத்தில் கொழுந்தன் பீப்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு எல்லா பஸ்ஸையும் சுற்றிக் காட்டினான். "ஏய் பீப்பி, நீ போயிட்டா எந்த ஹாரன் சத்தத்துல நான் காலையில எந்திரிக்கிறது?" என்றான். குழந்தை சிரித்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி அடங்கியது. அவன் அவளைத் தோளிலிருந்து மெல்ல இறக்கினான். பஸ் புறப்பட்டபோது பீப்பி அழவில்லை. சன்னலோர இருக்கை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாள். கஞ்சியக்கா அன்று அங்கிருந்தே மீதி வேலைக்குத் திரும்பிப் போனாள். போகாவிட்டால் அந்த வாரத்தின் ஓய்வு நாளும் போய்விடும்.

முதல் சில நாட்கள் போனில் குழந்தையின் பேச்சுக்கு அடியில் அந்த ஊதல் கேட்டது. அவள் பேச்சைக் கேட்பதை விட்டு அதையே கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு அது குறைந்தது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் பீப்பி ஒரே மூச்சில் பேசிக்கொண்டே போனாள்.

"அம்மா நான் இன்னைக்கு மேட்டுல ஏறி ஓடினேன்மா அங்கேருந்து கீழ வரைக்கும் ஓடினேன் எல்லாரையும் முந்திட்டேன் மாமா எனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லித் தரேன்னு சொன்னாங்க அத்தை ஓடாத ஓடாதன்னு கத்தினாங்க எனக்கு இழுக்கவே இல்லையே..."

முன்பெல்லாம் அந்தப் பிள்ளை இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்றுதான் பேசும். அந்த நிறுத்தங்களில்தான் இவள், "ம், சொல்லு தங்கம்" என்று நுழைவாள். இப்போது நுழைய இடமே இல்லை. யாரோ ஒரு வீட்டுக் குழந்தை, நன்றாக இருக்கிற ஒரு குழந்தை, தவறிப்போய்த் தன் எண்ணுக்குப் பேசுவதுபோல் இருந்தது. போனை வைத்ததும் கணவன், "என்ன சொல்றா?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு, அவள் தரையோரம் தேங்கிய நீரை ஒற்றி எடுக்கத் துணியைத் தேடினாள்.

கோடை வந்தது. தார் ரோடு செருப்பில் ஒட்டியது. சலவைக்கூடத்தின் தகரக் கூரைக்கும் கொதிகலனுக்கும் நடுவில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு, வேர்வை எது, நீராவி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பழையபடி சுவரில் சாய வரத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில், பேராசிரியை புதிய மாணவர்களுடன் வந்து வாசலில் நின்றார். முதல்நாளே ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். வேண்டாமென்று சொல்லக் கஞ்சியக்காவுக்கு நாக்கு வரவில்லை. ஆனால் இந்தத் தடவை விடுப்பு எடுக்கவில்லை, தரையைத் தேய்க்கவில்லை, விரிப்பையும் மாட்டவில்லை. அது கழற்றி மடித்தபடியே கிடந்தது.

"பாப்பா எங்கம்மா? பள்ளிக்கூடத்துலேருந்து வரலையா?"

"அவங்க அத்தை வீட்ல இருக்கா மேடம்."

"லீவுக்கா?"

"இல்ல மேடம். அங்கயேதான். அங்கேயே ஸ்கூல்ல சேத்தாச்சு."

பேராசிரியை மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க வெளிய போய், தண்ணிக் குழாய், சாக்கடை, ஐஸ் கம்பெனி எல்லாம் எங்க இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்றார். அவர்கள் போனதும், இருந்த ஒரே ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். வீங்கிய கால்களைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்தார்.

"நான் அனுப்பச் சொல்லலையேம்மா."

"நீங்க சொல்லல மேடம்."

"அந்தப் பையன் ஏதோ ஒரு பதில் சொன்னான். அது பாடத்துக்காகச் சொன்னது."

"அவங்களுக்குத்தான் சொன்னீங்க. ஆனா நாங்களும் இங்கயேதான இருந்தோம் மேடம்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாள். பேராசிரியை சுவரின் பக்கம் திரும்பினார்.

"அது பாதிதாம்மா. மறுநாள் வகுப்புல ஒரு மணி நேரம் மீதியப் பேசினேன். குழந்தைய மாத்தறது வைத்தியம் இல்ல, அது தோல்வின்னு சொன்னேன். செவுத்துக்குக் கம்பெனிக்காரன் பொறுப்பு, வாடகைக்கு விட்டவன் பொறுப்பு, நகராட்சி பொறுப்பு, வேலை நேரத்த இப்படி வச்சிருக்கிற எங்க ஆஸ்பத்திரியும் பொறுப்பு. தாய் தகப்பன் மேல ஒரு தப்பும் இல்லன்னு சொன்னேன். பசங்க நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. அந்த உயரமான பையன் பரீட்சையில அதத்தான் எழுதியிருந்தான்."

"அப்படியா மேடம்" என்றாள் கஞ்சியக்கா. பிறகு, மரியாதைக் குறைவாகத் தோன்றிவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது எங்களுக்குத் தெரியாதே" என்றாள்.

இத்தனை வருடமாக எத்தனையோ வீடுகளில் முதல் பாதியை நடத்திவிட்டு, இரண்டாம் பாதியை வகுப்பறையில் வைத்து நடத்தியவர் பேராசிரியை. எந்தெந்த வீடுகள், எந்தெந்தச் சுவர்கள் என்று அவர் எண்ணுகிறாரோ என்னவோ, முகம் வெளிறியிருந்தது.

"நகராட்சிக்கு நான் எழுதறேம்மா. கம்பெனிக்கும் எழுதறேன்."

"எழுதுங்க மேடம். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லாத மாதிரி எழுதுங்க."

"செவுத்த சரி பண்ணிட்டா கூட்டிட்டு வந்துடுவீங்களா?"

இந்தக் கேள்வியை அவள் தனக்குள் கேட்டுப் பல நாள் ஆயிற்று. "தெரியல மேடம். அவ அங்க ஓடறா" என்றாள். "போன வாரம் போன்ல, 'இன்ஹேலர எங்க வச்சேன்னே தெரியல'ன்னு சிரிக்கிறா."

சுவரிலிருந்து ஒரு துளி கோடு கிழித்து இறங்குவதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

மாணவர்கள் வெயிலில் சிவந்துபோய்த் திரும்பி வந்தார்கள். பேராசிரியை செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். எதையோ தொடங்கப் போனவர் நிறுத்தி, "நீங்களே கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலோரம் ஒதுங்கி நின்றார். ஒரு மாணவன், ஒல்லியாக, மீசை அரும்பாத முகம், பேனாவைத் திறந்தான்.

"வீட்ல இப்ப எத்தன பேரும்மா?"

"மூணு பேர்."

"யாருக்காவது மூச்சுத்திணறல், இழுப்பு, அந்த மாதிரி?"

"இப்ப யாருக்கும் இல்லப்பா."

அவன் அதை எழுதிக்கொண்டான். எழுதி முடித்துக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சுவர்ப் பக்கம் நகர்ந்தவன், அந்தக் குளிர்ச்சி மேலே பட்டதும் ஆச்சரியப்பட்டுத் திரும்பினான். "அப்பா! என்ன சில்லுன்னு இருக்கு! வெளிய கொளுத்துது, இங்க சொர்க்கம் மாதிரி இருக்கே" என்று முதுகைக் கொடுக்கப் போனான்.

கஞ்சியக்காவின் கை அவளை அறியாமல் நீண்டு, அவன் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தது.

"சாயாதீங்க தம்பி. கறை புடிச்சிக்கும்" என்றாள். "எவ்வளவு தேச்சாலும் போகாது."